கூப்பிடு தூரம்

நெட்டிக்குடியில் நொண்டி வீரன் இடம் மாறியதை முதலில் பார்த்தவர் பால்காரர். பார்த்தும் அவர் நிற்கவில்லை. ஊற்ற வேண்டிய பதினாறு வீட்டுக்கும் பாலை ஊற்றிவிட்டு, கேனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, டீக்கடைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், வீரன் இப்போது பழைய நெல் மில் பக்கத்தில் நிற்கிறார் என்று சொன்னார். யாரும் எழுந்து ஓடவில்லை. நெல் மில்லுக்கு எதிர்ச் சாரியில்தான் உத்திராபதி பிராந்திக் கடை திறந்திருந்தார். ஆடி மாதம் தவறாமல் சாராயமும் சுருட்டும் படையலாக வாங்கிப் பழகிய சாமி, கடை திறந்த பதினோராம் நாள் கடைப் பக்கம் வந்து நின்றதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்றுதான் அங்கே இருந்தவர்களுக்குத் தோன்றியது. நாங்கள் அப்படிப்பட்ட ஊர்க்காரர்கள். மழை பெய்தால் மட்டும் ஏன் என்று கேட்போம்.

ஊருக்கு மேற்கே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வேறு அரசாங்கம், வேறு சட்டம். அங்கே பிராந்தியை அரசாங்கமே விற்கும். இந்தப் பக்கம் லைசென்ஸ் இருந்தால் யாரும் விற்கலாம், விலையும் குறைவு, அதனால் பாலத்தைத் தாண்டி ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், வருகிறபோது நேராகவும் போகிறபோது கொஞ்சம் கோணலாகவும். குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் சாரம் கட்டிய உத்திராபதி, இனிமேல் உயரத்தில் ஏற முட்டி ஒத்துழைக்காது என்று தெரிந்து ஊர் திரும்பியபோது, நெட்டிக்குடியில் படுக்காமல் ஓடும் தொழில் எது என்று பத்துப் பேரிடம் கேட்டார். பத்துப் பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அவர் சொட்டுக்கூடக் குடிக்காதவர் என்பதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வீட்டில் பணத்தை ரூபாயில் எண்ணுகிற வழக்கம் இல்லை. அதற்குக் காரணம் உத்திராபதியின் மனைவி தையல்நாயகி. கல்யாணமாகி நான்காம் மாதம் விமானம் ஏறியவர், இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை நாற்பது நாள் வந்து போனவர், மகள் பிறந்ததைப் போனில் கேட்டவர், மகளுக்குக் கல்யாணம் என்று பன்னிரண்டு நாள் லீவில் வந்து பந்தல் பிரிப்பதற்குள் திரும்பியவர். அப்படிப்பட்ட ஆள் அனுப்பிய பணத்தை அவள் எப்படி வேறு விதமாக எண்ணுவாள்? அவளுக்குப் பணம் என்றால் அவர் பக்கத்தில் இல்லாத வருஷம். மகள் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் போக மிச்சமிருந்த தொகையை அவள் இருபத்திரண்டாகப் பிரித்து வைத்திருந்தாள், அதிலிருந்துதான் ஒவ்வொன்றுக்கும் எடுத்துக் கொடுத்தாள்.

புது லைசென்ஸ் யாருக்கும் தருவதில்லை. பழைய லைசென்ஸ்காரரின் வாரிசைத் தேடிப் பிடித்துக் குத்தகைக்கு எடுக்க வேண்டும். அதற்கும் கடை அட்வான்ஸுக்குமாக ஒன்பது வருஷம் போயிற்று. இரும்பு ஷட்டர், பாட்டில் அடுக்கும் ரேக், முன்னால் கம்பி வலை, கண்ணாடிக் கதவு வைத்த இரண்டு பிரிட்ஜ், இரவில் எரிகிற போர்டு எல்லாம் சேர்ந்து இரண்டரை வருஷத்தைத் தின்றன. முதல் சரக்கு இறக்கியதற்கு மூன்று வருஷம் ஆயிற்று. போர்டை ஏணி வைத்து மாட்டியபோது தையல்நாயகி கீழே நின்று அண்ணாந்து பார்த்து, இது மட்டும் நாலு மாசங்க என்றாள். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார், ஆனால் அவள் கணக்கில் தவறு இல்லை என்பது அவருக்கும் தெரியும். கடை நின்றால் அவர் ஊரில் இருப்பார், கடை போனால் அவர் மறுபடி போக வேண்டும். அந்த ஒன்றைத் தவிர அவளுக்கு அந்தக் கடையிடம் எந்த எதிர்பார்ப்பும் இல்லை.

திரும்பி வந்தபோதே உத்திராபதி ஒரு முடிவோடுதான் வந்திருந்தார். இனி எந்த எல்லையையும், ஊர் எல்லையைக்கூட, தாண்டுவதில்லை என்பது அந்த முடிவு. ஆகவே குடோனுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவது தையல்நாயகியின் வேலை ஆயிற்று. அவர் கல்லாவில் உட்கார்ந்தார், அங்கேயே சாப்பிட்டார், திருட்டுப் பயத்தால் அங்கேயே படுத்தார். வீரன் வந்து சேர்ந்தபோது அவர்தான் சாமிக்குத் தண்ணீர் ஊற்றித் துடைத்து, மேலே சாக்கு கட்டி நிழல் கொடுத்தார். இடுப்புயரக் கல், ஒரு காலை மடித்த மாதிரி செதுக்கியது, பக்கத்தில் ஒரு சூலம், ஒரு அரிவாள். இத்தனை வருஷம் ஊருக்கு வெளியே பூவரச மரத்தடியில், ஆடி மாதம் தவிர யாரும் கவனிக்காமல் கிடந்த சாமி அது.

ஐந்தாவது நாள் கலால் இன்ஸ்பெக்டர் சூசைமாணிக்கம் டேப்போடு வந்தார். நல்ல மனிதர். யாரிடமும் ஒரு சோடாகூட வாங்கிக் குடிக்க மாட்டார், அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம். கடை வாசலில் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறுமுனையோடு சாலையோரம் நடந்து போய், வீரன் காலடியில் குனிந்து படித்துவிட்டுத் திரும்பி வந்தார்.

"எம்பத்தேழு மீட்டர். வழிபாட்டுத் தலத்துக்கும் கடைக்கும் நூறு மீட்டர் இருக்கணும்."

"சார், கடை தெறந்தப்போ அவரு இங்க இல்ல சார். நீங்கதான அளந்தீங்க," என்றார் உத்திராபதி.

"அளந்தேன். இல்லதான். இப்ப இருக்காரு. சாமி நடந்து வந்துச்சுன்னு எழுதுறதுக்கு ஃபாரத்துல கட்டம் இல்ல, நான் என்ன பண்றது?"

பூசாரி மாசிலாமணிக்கு அதைக் கேட்டுக் கோபம் வந்தது. "எம்பத்தேழும் இல்ல, தொண்ணூறும் இல்ல. அது கூப்பிடு தூரம் சார். காவல் தெய்வம் கூப்பிடு தூரத்துலதான் நிக்கும். அதுக்கு மேல போனா அப்பறம் என்ன காவலு?"

"கூப்பிடு தூரத்துக்கும் கட்டம் இல்ல பூசாரி," என்று சொல்லிவிட்டு சூசைமாணிக்கம் டேப்பைச் சுருட்டினார். அவருக்கு மூன்று மாத அவகாசம் கொடுக்க அதிகாரம் இருந்தது, கொடுத்தார்.

ஊர் கூடிப் பேசி, சாமியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று. ட்ராக்டர் பிடித்து, வைக்கோல் பரப்பி, மேளம் வைத்து, வெட்ட ஒரு சேவலும் உடைக்கப் பதினோரு தேங்காயுமாக, பூவரச மரத்தடியில் சிமெண்டு பூசியே நட்டுவிட்டு வந்தார்கள். உத்திராபதி மட்டும் கடையை விட்டு நகர முடியாமல் இருந்தார். மறுநாள் காலை வீரன் நெல் மில் பக்கத்தில் நின்றார், காலடியில் கொஞ்சம் சிமெண்டு ஒட்டியிருந்தது. இரண்டாவது தடவை ட்ராக்டர் வைக்க யாருக்கும் தெம்பு இல்லை. சாமி போகாவிட்டால் கடைதான் போக வேண்டும் என்று ஆயிற்று.

முதல் தடவை கடை நெல் மில் தெருவிலிருந்து பஸ் நிறுத்தத்துக்குப் போனது. புது அட்வான்ஸ், ரேக்கைக் கழற்றி மாட்டிய கூலி, வழியில் உடைந்த பாட்டில், புது வரைபடம், புது மனு என்று இரண்டு வருஷம் செலவாயிற்று. ஒன்பதாம் நாள் வீரன் அங்கே வந்தார். சூசைமாணிக்கம் அளந்தார், எண்பத்தேழு. இரண்டாவது தடவை கடை குளத்தங்கரைக்குப் போய் இன்னும் இரண்டு வருஷத்தை விழுங்கிற்று, அங்கே ஏழாம் நாள் வீரன் வந்தார், எண்பத்தேழு.

அதற்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. நேர்த்திக்கடன் உள்ளவர்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன் டீக்கடைக்குப் போன் போட்டு, வீரன் இப்ப எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டார்கள். மாசிலாமணி மணி, விபூதித் தட்டு, எண்ணெய் எல்லாவற்றையும் மகளின் பழைய பள்ளிக்கூடப் பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு, சாமி போகிற இடமெல்லாம் சைக்கிளில் போய்ப் பூசை செய்தார், செய்துவிட்டு முதுகு வலிக்கிறது என்று சாமியிடமே புலம்பினார். மினி பஸ் கண்டக்டர் 'வீரன் கோயில் இறங்குறவங்க' என்று கூப்பிடும் இடம் வருஷத்தில் மூன்று தடவை மாறியது, டிக்கெட் விலையும் கூடவே மாறியது, அதற்காகச் சண்டை போட்டவர்கள் உண்டே தவிர சாமி நடந்ததற்காகச் சண்டை போட்டவர்கள் இல்லை. மனை விற்கிறவர்கள் மட்டும் கலங்கிப்போனார்கள். எவன் பிளாட்டில் வந்து நின்றுவிடுவாரோ என்று பயந்து வேலியோரம் முள்ளை வெட்டிப் போட்டார்கள், முள்ளைத் தாண்டுவது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை.

ஏன் வருகிறார் என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்தது. குடிக்கிறவர்கள், பாவம், அவரும் மனுஷன்தானே, ஆசைக்கு வருகிறார் என்றார்கள். போகிறபோது பாட்டிலின் மூடியில் கொஞ்சம் ஊற்றி அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனார்கள், போதையில் சில பேர் அவர் தோளில் கை போட்டுக் குடும்பக் கஷ்டம் சொன்னார்கள். குடிக்கிறவர்களின் பெண்டாட்டிகள், கடையை மூட வைக்கத்தான் வீரன் வருகிறார் என்றார்கள், அவர்கள் செவ்வாய்க்கிழமை தோறும் மஞ்சள் துணி கட்டி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டு, இன்னும் கொஞ்சம் கிட்ட வாப்பா என்று வேண்டிக்கொண்டார்கள். இரண்டு பக்கத்துப் படையலையும் வாங்கிக்கொண்டு வீரன் ஒரு அடிகூட முன்னே வராமல், ஒரு அடிகூடப் பின்னே போகாமல் நின்றார்.

அந்தப் பெண்டாட்டிகளில் செல்லபாப்பா என்று ஒருத்தி. அவள் வீட்டுக்காரர் கொத்தனார், சனிக்கிழமைச் சம்பளம் ஞாயிற்றுக்கிழமை வரை தங்காது. ஒருநாள் மத்தியானம் அவள் கடைக்கே வந்து, கம்பி வலைக்கு வெளியே நின்றாள். உத்திராபதி தூங்கிக்கொண்டிருந்தார், தையல்நாயகிதான் கல்லாவில் இருந்தாள்.

"அக்கா, அடுத்து எங்க மாத்துறீங்க?"

"இன்னும் முடிவாகல. ஏன்?"

"வாய்க்காப் பக்கம் போகாதீங்கக்கா. இவரு போதையில தண்ணியில விழுந்துருவாரு."

ஷட்டருக்கும் ரேக்குக்கும் ஆன செலவைத்தான் இத்தனை நாள் தையல்நாயகி எண்ணிக்கொண்டிருந்தாள். செல்லபாப்பா வீட்டில் எத்தனை வருஷம் போயிருக்கும் என்று எண்ணியதில்லை. அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தாள். அவளுக்கும் செலவு இல்லாமல் இல்லை. பிராந்திக் கடை வீடு என்று மகளின் புகுந்த வீட்டார் தீபாவளிக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். அக்கம்பக்கத்தில் வளைகாப்பு என்றால் அவளைத் தவிர எல்லோருக்கும் அழைப்பு போனது. எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் தலைமுடியில் அட்டைப்பெட்டி வாசனையும் புளித்த வாசனையும் போகவில்லை. கடை சம்பாதித்ததையெல்லாம் வாடகை, வரி, கரண்ட், குத்தகை என்று கடையே குடித்தது. ஆனாலும் தினமும் மூன்று வேளைச் சாப்பாட்டை அவருக்குச் சூடாக எடுத்துக்கொண்டு நடந்து போக முடிந்தது, இருபத்திரண்டு வருஷமாக அவளால் அது முடியாமல் இருந்தது. அதற்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

மூன்றாவது தடவை, வேறு இடமே இல்லாமல், கடை வாய்க்கால் கரைக்குத்தான் போயிற்று. அதற்கும் இரண்டு வருஷம் போனது. பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் வேறு சட்டம். இதற்கு மேல் நகர ஒரு முழ இடம் இல்லை. செல்லபாப்பாவின் வீட்டுக்காரருக்காக தையல்நாயகி சொந்தச் செலவில் கரையோரம் மூங்கில் கட்டி வேலி போட்டாள். நான்காம் நாள் வீரன் வந்து சேர்ந்தார். சூசைமாணிக்கம் அளக்க வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"அம்மா, நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சு போயிட்டேன். தொண்ணூறு நாள் டைம். அதுக்குள்ள ஒண்ணு அவரு போவணும், இல்ல நீங்க போவணும். கடைசி நாள் வருவேன். தூரம் இருந்தா கையெழுத்து, இல்லன்னா சீலு."

எண்பதாவது நாள் உத்திராபதி சாப்பிட்டுக் கை கழுவியபடியே சொன்னார்.

"தையலு, பழைய கம்பெனிக்குப் போன் போட்டேன். சாரத்துல ஏற வேணாமாம். கீழ நின்னு கணக்கு எழுதுற வேலையாம். ரெண்டு வருஷம் கான்ட்ராக்டு."

"மிச்சம் எவ்வளவு இருக்கு தெரியுமா? ஒண்ணர வருஷம் இருக்கு," என்றாள் அவள்.

"அத வச்சு இன்னொரு எடம் பாக்க முடியாது. நான் அங்க போனா நீ எதையாவது வச்சுப் பொழைப்ப."

"நான் எத வச்சுப் பொழைக்கிறதுன்னு உங்களக் கேட்டனா?"

அவர் தட்டை எடுத்துப் போய்க் கழுவி வைத்தார். அவள் அழுதாள், சத்தமாகவே அழுதாள், கடை வாசலில் நின்ற இரண்டு பேர் வாங்காமலே திரும்பிப் போனார்கள். டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் அந்த ஒன்றரையிலிருந்து ஐந்து மாதம் போயிற்று.

தொண்ணூறாவது நாள் காலை எட்டு மணி பஸ்ஸில் உத்திராபதி திருச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பினார். பெட்டியைத் தூக்கி வைத்தது மாசிலாமணி. தையல்நாயகி பஸ் பாலத்தைத் தாண்டும் வரை நின்றுவிட்டு, கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி தூக்கி, கீழே உட்கார்ந்தாள். சீல் வைக்க வருகிறவருக்காகக் காத்திருப்பதைத் தவிர அவளுக்கு வேலை இல்லை.

சூசைமாணிக்கம் பத்து மணிக்கு வந்தார். டேப்பின் முனையை அவள் கையில் கொடுத்துவிட்டு நடந்தார், நடந்துகொண்டே போனார். வீரன் நின்ற இடத்தில் சதுரமாகப் புல் வெளுத்திருந்தது, வாடிய செவ்வரளி மாலை ஒன்று கிடந்தது, கல் இல்லை, சூலம் இல்லை. புளியமரம் வரை போய்ப் பார்த்தார், பள்ளத்தில் இறங்கிப் பார்த்தார். செய்தி பரவி ஆட்கள் சேர்ந்தார்கள். பூவரச மரத்தடிக்கு ஆள் அனுப்பினார்கள், நெல் மில், பஸ் நிறுத்தம், குளத்தங்கரை என்று எல்லா இடத்திலும் பார்த்துவிட்டு வந்தார்கள். ஊரில் எங்கும் இல்லை. மாசிலாமணி பையைத் தோளில் மாட்டியபடி, பூசை எங்கே செய்வது என்று தெரியாமல் நின்றார்.

இன்ஸ்பெக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, கடை வாசலில் கிடந்த காலி அட்டைப்பெட்டியின் மேல் ஃபாரத்தை விரித்தார். அப்போது தையல்நாயகியின் போன் அடித்தது.

"எங்கங்க இருக்கீங்க?"

"நீடாமங்கலத்துல. ரயில்வே கேட்டு போட்ருக்கான், பஸ்ஸு நிக்கிது. தையலு, அவரு இங்க நிக்கிறாரு."

"யாரு?"

"வீரன். பின்னாடி கரும்புச்சாறு வண்டி ஒண்ணு இருக்கு, அதுக்குப் பக்கத்துல. பசங்க யாரோ தொட்டுக் கும்புட்டுட்டுப் போறாங்க. எம்பத்தேழு மீட்டர் இருக்கும்."

அவள் எழுந்து நின்றாள்.

"கடைக்காக வரல தையலு. எனக்காவத்தான் வந்துருக்காரு. அங்க ஒசரத்துல காத்து அடிக்கும், பலகை ஆடும். பயம்னா பயம். ஒனக்குச் சொன்னதில்ல. தெனமும் ஏறுறதுக்கு முன்னாடி வீரா வான்னு ஒரு தடவ கூப்புடுவேன். இருபத்திரெண்டு வருசம் கூப்புட்டேன், வரல. திட்டிக்கூட இருக்கேன். அவரு அப்பவே கெளம்பிட்டாரு போல. கால் சரியில்லாத மனுசன், வந்து சேர இம்புட்டு நாள் ஆயிருக்கு."

தையல்நாயகிக்குக் கணக்கு தானாக ஓடியது. அவர் போனால் வீரனும் போவார், வீரன் போனால் கடை நிற்கும், கடையும் நிற்கும் சம்பளமும் வரும், போன வருஷங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பக் கைக்கு வரும். அவர் பயந்தாலும் இந்தத் தடவை கூப்பிடு தூரத்தில் ஆள் இருப்பார். ஊரில் யாரைக் கேட்டாலும் போகட்டும் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பக்கம் ரயில் கடக்கும் சத்தம் கேட்டது.

"அப்ப நான் போறதுதான் எல்லாத்துக்கும் நல்லது, இல்ல?" என்றார் உத்திராபதி.

"எறங்குங்க," என்றாள் அவள்.

"என்னது?"

"கேட்டு தெறக்கிறதுக்குள்ள பெட்டிய எடுத்துக்கிட்டு எறங்குங்க."

"டிக்கெட்டு?"

"போவட்டும். இன்னும் ஒரு வருசத்துக்கு மேல கையில இருக்கு. அத நம்ம ரெண்டு பேரும் ஒக்காந்து செலவு பண்ணுவோம். இதுவரைக்கும் ஒரு வருசத்தக்கூட நாம அப்படிச் செலவு பண்ணல."

"கடை?"

"எறங்குங்கன்னு சொல்றேன்ல."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். சூசைமாணிக்கம் பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தோம்.

"நல்ல காலம்மா ஒங்களுக்கு. நூத்தம்பது வரைக்கும் பாத்துட்டேன், கோயில்னு ஒண்ணும் கெடையாது. கையெழுத்துப் போட்டுட்டேன்னா இனிமே இந்தக் கடைய யாரும் அசைக்க முடியாது."

"போடாதீங்க சார்," என்றாள் தையல்நாயகி.

"ஏம்மா?"

"சாயந்தரம் பஸ்ஸுல வந்துருவாங்க சார், ரெண்டு பேரும். அப்பறம் தூரம் பத்தாது."